காப்புக் கயிறும் காலை ஏழு மணியும்

போன பங்குனி கடைசியில் ஒரு மத்தியானம், ஒரே ஒரு போன் பேச்சில் என் தொழில் கவிழ்ந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து நம் காளியம்மன் ஆத்தா என்னை எப்படித் தூக்கி நிறுத்தினாள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நம் கோயில் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னீர்கள். எனக்குப் பேச ஆரம்பித்தால் அழுகை வரும். அழுகை வந்தால் பின்னாலேயே கோபம் வரும். அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துவிடுங்கள்.

என் பெயர் முத்துச்செல்வி. போடியில் சின்னதாக ஓர் ஏலக்காய்க் கிட்டங்கி வைத்திருக்கிறேன். மலைத் தோட்டங்களில் உலர்த்திய காயை வாங்கி, சலித்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்புவது தொழில். ஒன்பது பெண்கள் என்னிடம் காய் பொறுக்குகிறார்கள். என் வீட்டுக்காரர் மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டுகிறார்.

நானும் பிறக்கும்போதே முதலாளியம்மா இல்லை. பதினோரு வருஷம் மலையேறிக் காய் எடுக்கப் போனவள். விடியக் காலை ஐந்து மணிக்கு ஜீப்பில் அடைந்துகொண்டு போவோம். ஒரு மழைநாளில், போடி மெட்டுக்குப் போகும் மலை வளைவில், பின்னால் தொற்றிக்கொண்டு வந்த ஈஸ்வரி கீழே விழுந்தாள். பக்கத்தில் இருந்தது நான்தான். சேலையை எட்டிப் பிடித்தேன். கிழிந்த துணிதான் கையில் மிஞ்சியது. அவளுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் தலைமாட்டில் நின்று, "நீ இனிமே மலைக்கே போக வேணாம்டி. ஒனக்கு நான் ஒரு வழி பண்றேன்" என்றேன். எனக்கே ஒரு வழியும் இல்லாத நேரம் அது. என்ன தைரியத்தில் சொன்னேனோ! இரண்டு வருஷம் கழித்துக் கிட்டங்கி ஆரம்பித்தபோது முதல் ஆளாக அவளைத்தான் கூப்பிட்டேன். மற்ற எட்டுப் பேரும் அப்படி வந்தவர்களே. ஒருத்திக்கு வயிற்றில் ஆபரேஷன், ஒருத்திக்கு மூச்சிரைப்பு, ஒருத்திக்கு முட்டி தேய்ந்துவிட்டது. மலை ஏற முடியாதவர்கள்.

என் காய் முழுவதும் கான்பூரில் இருக்கும் ஒரே ஒரு சேட்டுக்குத்தான் போகும். ஆறு வருஷம் அப்படியே ஓடியது. மூட்டையைக் கட்டினால் லாரி வரும். நான் வேறு ஒரு ஆளைத் தேடியதே இல்லை. அதை என் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் போனில் பேசியது சேட்டின் உள்ளூர் ஏஜென்ட் தம்பி. "யக்கா, யாவாரம் இப்ப சேட்டு மகன் கைக்குப் போயிருச்சு. இனிமே அவுக நேரா ஏலத்துலயே எடுத்துக்கிறாகளாம். ஒங்க காய் வேணாம்னுட்டாக."

"இப்ப கட்டி வச்சிருக்கிற பதினோரு மூட்டையப்பா?"

"அதுவும் வேணாமாம்க்கா."

ஏலக்காய்க்கு அழகே அதன் பச்சை நிறம்தான். கறுப்புப் பாலிதீன் உள்ளே போட்டுக் கட்டி வைத்தாலும் நாளாக ஆக வெளுக்கும். வெளுத்த காயைச் சீந்த ஆளில்லை. இந்தப் பதினோரு மூட்டையும் போனால்தான் ஆடியில் புதுக் காய் வாங்கிப் போட முடியும். போகாவிட்டால் கிட்டங்கியைப் பூட்ட வேண்டியதுதான். பூட்டினால் இந்த ஒன்பது பேரும் மறுபடியும் ஜீப்பில் ஏற வேண்டும்.

பெண்களிடம் மறைக்காமல் சொன்னேன். ஈஸ்வரி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எப்பக்கா பூட்டுவ?" என்று கேட்டாள். "ஆடி வரைக்கும் பொறுடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

என் தம்பிக்கு இந்தி தெரியும். இரண்டு பேருமாகக் கான்பூருக்கே போய்ச் சேட்டின் கையைக் காலைப் பிடித்துப் பார்ப்போம் என்று வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து ரயிலுக்கு டிக்கெட் போட்டோம். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமைதான் நம் தெருக் காளியம்மனுக்குக் காப்புக் கட்டு. வேட்டுச் சத்தம் கேட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, போட்டது போட்டபடி கோயிலுக்கு ஓடினேன். கூட்டத்தை விலக்கிக் கையை நீட்டினேன். "சேட்டு மனச மாத்து ஆத்தா, ஒனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்" என்று கதறினேன். பூசாரி அண்ணன் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். மனசு லேசாகி வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "ஏ இவளே, என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்க? வெள்ளிக்கெழம ரயிலுக்கு யாரு போறா, ஒங்க ஆத்தாவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காப்புக் கட்டினவர்கள் அதை அவிழ்க்கும் வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பதினைந்து நாள்! இந்த ஊரில் பிறந்து, வருஷா வருஷம் மற்றவர்களுக்கு இதே சட்டத்தைச் சொல்லிக் கொடுத்த வாய் இது. அழுத அழுகையில் அறிவு வேலை செய்யவில்லை. தம்பி தனியாகப் போகலாம் என்றால் அவனுக்கு ஏலக்காயில் நல்லது கெட்டது தெரியாது. டிக்கெட்டை ரத்து செய்தோம்.

மறுபடியும் கோயிலுக்கு ஓடினேன். "பூசாரிண்ணே, இத அவுத்துருங்க" என்றேன்.

"அவுக்கிறதுக்கா கட்டுனோம்? பதினஞ்சாம் நாளு ஆத்துல அவுக்கலாம். போத்தா, காலையில குளிச்சுட்டு வந்து கம்பத்துக்குத் தண்ணி ஊத்துற வழியப் பாரு" என்று அவர் விபூதித் தட்டோடு நகர்ந்துவிட்டார். கோயில் வாசலில் நட்டிருந்த வேப்பங்கம்பத்தைத்தான் சொன்னார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் சந்நிதியில் நின்று ஆத்தாவைத் திட்டினேன். "வழி கேட்டு வந்தா வாசலப் பூட்டுறியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கத்தினேன். முளைப்பாரிக்கு விதை போட வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் கிட்டங்கியில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். சாயங்காலம் வரை பொறுத்த ஈஸ்வரி, கையில் இருந்த காயைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "யக்கா, நானும் கேக்கணும்னு இருக்கேன். ஊர் ஒலகத்துல அந்தச் சேட்டு ஒருத்தருதான் பாயசம் வைக்கிறாரா? வேற எவனும் வைக்கிறதில்லையா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுரீர் என்றது. வார்த்தை வந்தது ஈஸ்வரி வாயிலிருந்துதான். ஆனால் ஆத்தா சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன். நான் அவளிடம் கேட்டதே ஒரே ஒரு ஆளைத்தானே! அவள் பிள்ளைகள் இந்த நாடு முழுக்க அடுப்பைப் பற்றவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது நான் கூப்பிட்டுப் பார்த்தேனா?

விளக்கு வைக்கும் நேரத்தில் கோயிலுக்குப் போனேன். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. "சேட்டுதான் வேணும்னு இல்ல ஆத்தா. யாரையாச்சும் காட்டு, நான் தேடுறேன். காப்பு அவுக்கிற வரைக்கும் தெனமும் காலையில ஏழு மணியில இருந்து எட்டரை வரைக்கும் எனக்கு இது ஒண்ணுதான் சோலி. வேற எதுலயும் கைய வைக்க மாட்டேன்" என்று சொல்லி நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டேன்.

ஏழு மணிக்குக் காரணம் இருக்கிறது. விடியலில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தால் ஆறரை ஆகும். பெண்கள் வேலைக்கு வருவது ஒன்பது மணிக்கு. இடையில் இருக்கும் நேரத்தைத்தான் நான் அதுவரை தினமும் வாரி இறைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் சாவியைத் தேடுவார், எதிர்வீட்டுக்காரி கதை பேசுவாள், சொந்தத்தில் யாராவது போனில் வருவார்கள். "எனக்கு வேலை இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், நம் ஊரில் ஒரு பொம்பளையை யார் விடுவார்கள்? ஆனால் "ஆத்தாவுக்குச் சொன்ன நேரம்" என்று சொன்னேன். அவ்வளவுதான், எதிர்வீட்டுக்காரி வாசலோடு கும்பிட்டுவிட்டுப் போனாள். வீட்டுக்காரர் தானே காபி போட்டுக் குடித்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் காணாத அதிசயம் அது.

யாரைக் கூப்பிடுவது? அதற்கும் ஈஸ்வரிதான் வழி சொன்னாள். வீட்டில் கிடக்கும் மிட்டாய்ப் பெட்டி, மசாலா பாக்கெட், டீத்தூள் கவர், எதில் போன் நம்பர் அச்சடித்திருந்தாலும் கொண்டுவரச் சொன்னோம். ஊசி நூல் போட்டு வைத்திருந்த லட்டுப் பெட்டியைக்கூட ஒருத்தி காலி பண்ணிக் கொண்டுவந்தாள். கிட்டங்கி மேசை குப்பைக் கிடங்காகிவிட்டது.

முதல் நாள் வியாழக்கிழமை. காப்புக் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போன் போட்டேன். எடுத்தவரிடம், "நான் போடியில இருந்து முத்துச்செல்வி பேசுறேன்" என்றேன். "சொல்லுங்கம்மா, என்ன வேணும்?" என்றார். "ஒண்ணும் வேணாம்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன். சேட்டோடு ஆறு வருஷம் வியாபாரம் செய்தவளுக்கு ஒரு புது மனிதரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் ஒருவர், "போடிக் காய்னு சொல்லி எல்லாரும் சாயம் போட்டதத்தான் தர்றாங்க" என்றார். "யாரப் பாத்து சாயம்ங்கிற?" என்று நான் போட்ட சத்தத்தில் தெருநாய் குரைத்தது. அன்றிலிருந்து ஈஸ்வரியும் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். முறிந்த காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். என் குரல் ஏறினால் தொடையில் கிள்ளுவாள். பத்துப் போன் போட்டால் ஏழு பேர் வேண்டாம் என்பார்கள், இரண்டு பேர் எடுக்க மாட்டார்கள், ஒருவர் அப்புறம் பேசு என்பார். எட்டரைக்கு எழும்போது உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். காய் பொறுக்குவது இதைவிடச் சுகம் என்று தோன்றும். ஆனாலும் சொன்ன சொல்லுக்குப் பயந்து மறுநாளும் உட்காருவேன்.

அடுத்த செவ்வாய்க்கு முன்னால் ராஜபாளையத்து மிட்டாய்க் கடைக்காரர் ஒருவர், ஒரு கிலோ அனுப்பு, பார்க்கிறேன் என்றார். இருப்பதிலேயே பருத்த, பச்சைப் பசேல் என்ற காயாகப் பொறுக்கிப் பஸ்சில் போட்டுவிட்டேன். அவர் திரும்பக் கூப்பிட்டார். "அம்மா, காய் சாமி படத்துக்கு மாலையாப் போடலாம், அம்புட்டு அழகு. நான் இத உரிச்சுப் பொடியாக்கி அல்வாவுல போடுறவன். எனக்கு எதுக்கு இம்புட்டு அழகு?"

ஆறு வருஷத்தில், என் காயை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. சேட் என்ன செய்தார் என்று இன்று வரை தெரியாது! சேட் கழித்துவிட்ட சின்னக் காயும் வெடித்த காயும் மூலையில் கிடந்தன. மணம் குறையாத காய். அதில் கொஞ்சம் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை அவர் பதினைந்து கிலோ கேட்டார். என் வாழ்க்கையில் நானாகத் தேடிப் பிடித்த முதல் ஆள். ஓடிப்போய் ஆத்தாவுக்குத் தேங்காய் உடைத்தேன்.

"மூலையில கெடந்த குப்பதான போயிருக்கு. பதினோரு மூட்டையும் சட்டமா அப்படியே உக்காந்திருக்கு" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். அதன் பிறகு யாரிடம் பேசினாலும் முதலில், "நீங்க என்ன செய்றீங்க, ஏலக்காய எப்படிப் போடுறீங்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் மனிதர்கள் பேசுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வந்தவர்கள்கூட அவர்கள் செய்யும் பலகாரத்தைப் பற்றி நின்று பேசினார்கள்.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, ஏஜென்ட் தம்பியின் போன் வந்தது. "யக்கா, சேட்டு மகன் கொச்சிக்கு வர்றாரு. நாளைக்குச் சாயங்காலம் நீங்க அங்க வந்து தங்கிட்டீகன்னா, ஞாயித்துக்கெழம காலையில வெள்ளனப் பாத்துப் பேசிரலாம். பழையபடி எடுத்தாலும் எடுப்பாரு."

நான் எதைக் கேட்டுக் காப்புக் கட்டினேனோ, அதேதான் வந்து நிற்கிறது! ஆனால் காப்பு அவிழ்க்க இன்னும் நாலு நாள் இருக்கிறது. வீட்டுக்காரர் ஜீப்புச் சாவியை எடுத்துவிட்டார். "கேட்டதத்தான குடுத்திருக்கா? வெரசாக் கெளம்பு. ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

பையில் ஒரு சேலையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். பொய் சொல்லக் கூடாது, பெரிய பக்தியினால் நான் நின்றுவிடவில்லை. பாதி பயம். காப்பை மீறிப் போய், மலைப் பாதையில் இவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? இன்னொன்றும் மனசில் ஓடியது. கொச்சியில் போய்க் கைகட்டி நின்றால் இந்த வருஷம் எடுப்பார். அடுத்த பங்குனியில் மறுபடி ஒரு போன் வந்தால் இந்த ஒன்பது பேருக்கும் நான் என்ன பதில் சொல்வது? பையைக் கீழே வைத்தேன். "வர முடியாது தம்பி, கையில காப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு விக்கி விக்கி அழுதேன். வீட்டுக்காரர் என்னோடு பேசாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஈஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. "அடைச்சவ நீதான் ஆத்தா, தொறக்கிறதும் நீதான்" என்று சொல்லி உட்கார்ந்தேன். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாம் ஆள் வேண்டாம் என்றார். மூன்றாவது, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் வாங்கிவந்தது என்று ஒருத்தி கொடுத்த கிராம்பு டப்பாவில் இருந்த நம்பர். ஒரு அம்மா பேசினார்.

நீங்க என்ன செய்றீங்கம்மா என்று கேட்டேன். "முழு மசாலாச் சாமான கண்ணாடி டப்பாவுல அடைச்சு விக்கிறோம். கல்யாண வீட்டுக்கு, வெளிநாட்டுக்குப் போறவங்களுக்கு எல்லாம் வாங்குவாங்க. வெளிய இருந்து பாத்தா காய் பளிச்சுன்னு தெரியணும். எங்களுக்குப் பருத்த காய்தான் வேணும், பச்சை மாறக் கூடாது" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஈஸ்வரி கிள்ளினாள், ஆனால் இந்தத் தடவை பேசு என்று கிள்ளினாள். "அம்மா, ஒம்பது பொம்பளைங்க கையாலயே பொறுக்குன காய் பதினோரு மூட்டை வச்சிருக்கேன்மா" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "பதினொண்ணு எனக்கு எதுக்கு? நாலு குடுங்க போதும். திங்கக்கெழம ஆளை அனுப்பிப் பாக்குறேன்."

நாலு மூட்டை! போனை வைத்துவிட்டு ஈஸ்வரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். திங்கட்கிழமை வந்த ஆள் காயை உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்த்தார், ஒன்றை உரித்து முகர்ந்தார், நாலையும் ஏற்றிக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை நான் தீச்சட்டி ஏந்தினேன். சட்டியின் சூடு எனக்குத் தெரியவே இல்லை. பதினைந்து நாளாக நெஞ்சில் இருந்த பாரம் போய்விட்டது. ஆற்றில் காப்பை அவிழ்த்துவிட்டேன், காலை ஏழு மணியை அவிழ்க்கவில்லை. ஆனி முடிவதற்குள் பதினோரு மூட்டையும் போய்விட்டது.

இப்போது எனக்குப் பதினாலு வாடிக்கைக்காரர்கள். ஒருவரும் சேட் அளவுக்குப் பெரிய ஆள் இல்லை. ஒருவர் நாளைக்கே வேண்டாம் என்று சொன்னாலும் கிட்டங்கி கவிழாது. ஐப்பசியில் ஏஜென்ட் தம்பி வந்து, சேட்டுக்கு இரண்டு மூட்டை கேட்டார். சந்தோஷமாகக் கொடுத்தேன். அவரும் பதினாலில் ஒருவர்தான். ஏழு மணிக்கு நான் இன்றும் உட்காருகிறேன். கோபம் குறைந்திருக்கிறதா என்று என் வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், போனில் குறைந்திருக்கிறது.

ஆடியில் மலை வேலை தொடங்கிய முதல் நாள், பழக்க தோஷத்தில் விடியுமுன்னே விழிப்பு வந்துவிட்டது. தெருமுனையில் ஜீப்புகள் நின்றன. என் வீட்டுக்காரர் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏறுகிற முகம் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தேன். என் ஒன்பது பேரில் ஒருத்திகூட அங்கே இல்லை. அந்நேரம் ஈஸ்வரி வீட்டில் கதவு சாத்தியே இருந்தது, தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னத்தா, நீயும் ஏறுறியா?" என்று வீட்டுக்காரர் கேலியாகக் கேட்டார். அழுதுகொண்டே சிரித்தேன்.

மனசு கனத்துப்போய் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது இருந்தால், ஆத்தாவிடம் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டதை அவள் தராவிட்டால் என்னைப் போல நாலு வார்த்தை திட்டுங்கள், ஆனால் அவளை விட்டுப் போய்விடாதீர்கள். நாளைக் காலையில் அவள் பேரைச் சொல்லி ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவையுங்கள். செய்ய வேண்டிய அந்த ஒரு வேலையில் உட்காருங்கள், ஏழு பேர் வேண்டாம் என்றாலும் எட்டாவது ஆளைக் கூப்பிடுங்கள். என் ஒன்பது பேரையும் மலையிலிருந்து இறக்கி வைத்தவள், உங்களையும் நடுவழியில் விடமாட்டாள்.